வெட்டவெளி காடாகும் விதம்

தைப்பூசத் திருநாளன்று தண்ணீர்மலைக்குச் செல்லாத தோட்டக் குடும்பம் வட மாநிலங்களில் அரிது. காவடிகளின் பின்னே படியேறி, முருகப்பெருமானை வணங்கிவிட்டு, சற்றே இளைப்பாறும் வேளையில் நம் கண்முன் விரிவது ஒரு பசுஞ்சுவர். பினாங்குக் குன்றின் அடிவாரம் முதல் முகடு வரை மரங்கள் செறிந்து நிற்கின்றன. "ஆதிகாலத்துக் காடு, யார் கையும் படாதது" என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

அச்சொல் பாதிதான் உண்மை. குன்றின் உட்பகுதிகளில் தொன்மையான காடு எஞ்சியிருப்பது மெய்யே. ஆயினும், 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றம் அமைத்த பின்னர், மிளகுக்காகவும் கிராம்புக்காகவும் சாதிக்காய்க்காகவும் சரிவுகள் பல மொட்டையடிக்கப்பட்டன. மிளகின் விலை வீழ்ந்தது. 1860களில் சாதிக்காய் மரங்களை நோய் தாக்கி அழித்தது. தோட்டக்காரர்கள் கைவிட்டுப் போன நிலங்களில் லாலான் புல்லும் புதர்களும் எழுந்தன. அவற்றின்மீது, ஒருவரும் கவனியாத வேளையில், மரங்கள் எழுந்தன. ஆகவே, அந்தப் பசுஞ்சுவரின் ஒரு பகுதி நம் பாட்டன் பூட்டன் காலத்தில் வெறுந்தரையாக இருந்த நிலமே.

கோயிலுக்கு அண்மையிலுள்ள தாவரத் தோட்டமும் இத்தகையதே. 1884ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் என்னும் ஆங்கிலத் தாவரவியலார் அங்குப் பணியேற்றபோது அவருக்குக் கிடைத்தது கருங்கல் உடைத்து முடித்துக் கைவிடப்பட்ட ஒரு பள்ளத்தாக்கு. அந்தக் கற்குழியையே அவர் தோட்டமாக்கினார். அதே காலத்தில் குன்றின் காடுகளைப் பாதுகாக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. நம் நாட்டுக் குன்றுகளின் முகடுகளில் சாம்பல் கலந்த நீலநிறத் தழையோடு உயர்ந்து நிற்கும் செராயா மரத்தின் அறிவியற் பெயரில் கர்ட்டிஸின் பெயர் இடம்பெற்றிருப்பதை அறிந்தோர் சிலரே.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது, காடு அழிக்கப்பட்ட ஒரு திடல் மீண்டும் இளங்காடாக மாற என்னென்ன வேண்டும், எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பதாகும். தோட்ட மக்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயனை முதலிலேயே கூறிவிடுவோம். செபராங் பிறையின் சமவெளி 19ஆம் நூற்றாண்டில் கரும்புக்காக வெட்டப்பட்டது. அந்த வெட்டிலும் நடவிலும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு பெரும்பங்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இத்தனை மாற்றங்களுக்குப் பின் தோட்டங்களில் மரமின்றிக் கிடப்பவை எவை? ஓடைக்கரைகள், செங்குத்தான சரிவுகள், சதுப்பு மூலைகள், பழைய லயங்கள் இடிக்கப்பட்ட திடல்கள். இவற்றில்தான் மழைக்காலத்தில் மண் சரிகிறது. ஓடைநீர் தேநீர் நிறமாகிறது. கோடையில் தீ புறப்படுகிறது. 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் பினாங்கு பட்ட பாட்டை, தீவிலும் பெருநிலத்திலும் வாழ்வோர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அன்று குன்றுப் பகுதிகளில் பல இடங்களில் மண் சரிந்தது.

நாம் செய்த ஒரு பிழையை இங்கே ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் மரம் நடு விழா நடைபெற்றது. விருந்தினர் வந்தனர், பதாகை கட்டினர், பள்ளிப் பிள்ளைகள் பாடினர், நாமும் மண்வெட்டி பிடித்தோம். திசம்பர் மாதக் கடைசியில் நட்ட கன்றுகள் அவை. மார்ச் மாதத்தில் மீண்டும் அவ்வழியே சென்றபோது, குச்சிகள் நின்றன, கன்றுகள் இல்லை. ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர் நம்மிடம், "ஐயா, நீங்கள் மரத்தை நட்டீர்கள், மழையைப் பார்க்கவில்லையே" என்றார். ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு அன்று அவரே ஆசிரியர்.

அவர் கூறியதன் பொருள் இது. பினாங்கில் சனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழைப்பருவமும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதனினும் பெரிய மழைப்பருவமும் உண்டு. செப்டம்பரில் நட்ட கன்று, வறட்சி வருமுன் மூன்று மாதங்களில் வேரூன்றிக்கொள்ளும். திசம்பரில் நட்ட கன்றோ, நாற்றுப்பையின் வடிவத்திலேயே வேர் சுருண்டிருக்க, வெயிலிடம் அகப்பட்டுக்கொள்ளும். விழாவுக்கு வசதியான நாள் வேறு, கன்றுக்கு வசதியான நாள் வேறு.

இனி, நிலத்தை நோக்குவோம். வெட்டவெளியின் முதல் எதிரி லாலான். அதனைப் பராங்கால் வெட்டிச் சாய்த்தவர்கள் அதன் இயல்பை அறிவார்கள். வெட்டிய பத்து நாளில் முன்னைவிட வீறுடன் நிமிரும். காரணம், அதன் உயிர் தழையில் இல்லை. மண்ணுக்குள் ஓடும் வெண்ணிறத் தண்டுகளில் இருக்கிறது. நெருப்பும் அத்தண்டுகளைத் தொடுவதில்லை. தீ பரவும்போது மடிவன, லாலானுக்கு இடையே எவருக்கும் தெரியாமல் தலைகாட்டிய மரக்கன்றுகளே. ஆண்டுதோறும் எரியும் திடல் ஐம்பது ஆண்டுகள் ஆனாலும் புல்திடலாகவே இருப்பதற்கு இதுவே காரணம். தீ லாலானின் தோழன். நிழலே அதன் கூற்றுவன்.

ஆகவே முதலாண்டில் செய்ய வேண்டியது நடவுகூட அன்று, காவல். திடலைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்கி வைத்தல் வேண்டும். சனவரி பிறக்குமுன் இப்பணி முடிந்திருக்க வேண்டும். குப்பை எரிப்போர், சிகரெட் துண்டை வீசுவோர் ஆகியோரைப் பற்றி நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

அடுத்து, லாலானுக்குள் நுழைந்து குனிந்து பார்க்க வேண்டும். இப்படிப் பார்ப்பவர் பெரும்பாலும் வியப்படைவர். ஊதாப்பூ பூக்கும் செண்டுடுக், பறவை எச்சத்தில் முளைத்த அத்தி, அகன்ற இலையுடைய மகாங் என முழங்கால் உயரத்தில் பல கன்றுகள் அங்கே மூச்சுத் திணறி நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிறக்குச்சி ஒன்றை ஊன்றி அடையாளமிடுதல் நன்று. இல்லையேல் புல்வெட்டும் இயந்திரம் அவற்றை வேறுபாடின்றி வீழ்த்திவிடும். பிறகு, அக்கன்றுகளைச் சுற்றி மட்டும் புல்லைக் களைந்து, எஞ்சிய லாலானை வெட்டாமல், கனமான பலகையைக் கயிற்றில் கட்டி மிதித்து மிதித்துச் சாய்த்துவிட வேண்டும். வெட்டுண்ட புல் உடனே துளிர்க்கும். மடிந்து படுத்த புல்லோ துளிர்ப்பதற்குக் காலம் எடுத்துக்கொள்ளும். மேலும் அது மண்ணை மூடி ஈரத்தையும் காக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டில் காடு மீட்போர் இம்முறையைக் கையாண்டு பயன் கண்டிருக்கின்றனர். செலவு ஒரு பலகையும் கயிறும் மட்டுமே.

ரப்பர் மறுநடவில் பழகியவர்கள் இவ்விடத்தில் மூடுபயிரை நினைவுகூர்வர். புவராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகளை இளமரங்களுக்கிடையே பரப்பி லாலானை அடக்குவது நம் தோட்டங்களில் வழிவழியாக வந்த முறை. அக்கொடிகளின் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன என்பதும் நாம் அறிந்ததே. மண் மிகவும் கெட்டுப்போன திடலில் இது பயன்படும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: மூடுபயிருக்கு நண்பன் பகைவன் தெரியாது. கன்றின்மீதும் ஏறும். மாதம் ஒருமுறை கன்றைச் சுற்றி வட்டமாகக் கொடியை விலக்கிவிட ஆளில்லையெனில், அதனை விதைக்காதிருப்பதே நலம். மிக்கானியாக் கொடியைப் பற்றிச் சொல்லவே வேண்டா. கண்ட இடத்தில் வேரோடு களைதல் வேண்டும்.

இவ்வாறு இரண்டாண்டு காத்தால் மகாங்கும் மெங்கிராயும் தலைக்குமேல் வளர்ந்துவிடும். இவை முன்னோடி மரங்கள். வெயிலை விரும்புவன, விரைந்து வளர்வன, மரக்கட்டை மென்மையானது, விலை போகாதது. அதனால் நம்மவர் இவற்றை வீண்மரம் என்று வெட்டி எறிகின்றனர். இது பெருந்தவறு. தாதி குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல, பின்னால் வரும் பெருமரங்களை வெயிலிலிருந்து காப்பவை இவையே. சிலவகை மகாங்கின் உள்ளீடற்ற தண்டில் எறும்புகள் குடியிருந்து, இலைதின்னும் பூச்சிகளை விரட்டுகின்றன. வீட்டைக் கொடுத்து வாடகைக்குக் காவலைப் பெறுகிறது மரம்! இருபது முப்பது ஆண்டுகளில் இவை தாமே முதிர்ந்து விழுந்து, அடுத்தவருக்கு இடம்விடும்.

இயற்கையாக முளைத்த கன்றுகள் போதாவிடின் நட வேண்டியதே. பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 435 கன்றுகள் பிடிக்கும். செம்பனை ஏக்கருக்கு ஏறத்தாழ 55 முதல் 60 மரங்களே என்பதை எண்ணுங்கள். ஏன் இவ்வளவு நெருக்கம்? செம்பனைக்கு வெயில் வேண்டும்; நமக்கோ இங்கு நிழல் வேண்டும். கிளைகள் ஒன்றையொன்று எட்டிப்பிடிக்கும் நாள் எவ்வளவு விரைவில் வருகிறதோ, அவ்வளவு விரைவில் களையெடுப்பு வேலை முடியும். பராமரிப்பு நன்றாக அமைந்தால் நான்கு ஐந்து ஆண்டுகளில் அந்நாள் வரும். அன்று முதல் லாலான் தானே வெளுத்து மெலிந்து மறையும்.

எந்த மரங்கள்? ஒரே இனத்தை வரிசை வரிசையாக நடுவது தோட்டம், காடாகாது. இவ்விடத்தில் நம் நாட்டின் அனுபவம் ஒன்றைக் கூறுதல் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1982ஆம் ஆண்டில் ஈடுசெய் காட்டுத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அகாசியா மங்கியம் என்னும் விரைவாக வளரும் மரம் பெருமளவில் நடப்பட்டது. மரங்கள் வளர்ந்தன, ஆனால் வெட்டிப் பார்த்தபோது பலவற்றின் உள்மரம் உளுத்திருந்தது. இவ்வுளுத்தல் நோயால் திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அம்மரத்தின் விதைகளோ இன்றும் சாலையோரங்களிலும் எரிந்த திடல்களிலும் தாமே பரவி முளைக்கின்றன. விரைவு ஒன்றையே கருதி மரத்தைத் தேர்ந்தெடுக்கலாகாது என்பது நம் கருத்து.

அத்தி இனங்கள், நாவல் இனங்கள், பெத்தாய், ஜெரிங் ஆகியவற்றைக் கலந்து நடலாம். அத்தி மரம் கட்டாயம் வேண்டும். ஏனெனில் காட்டை உண்மையில் நடுபவர் நாம் அல்லர். கொண்டைக் குருவிகளும் வௌவால்களுமே. பழந்தின்னும் பறவை ஓரிடத்தில் அமர்ந்தால் அங்கே விதையை இடும். வெட்டவெளியில் அமர இடமின்மையால் அது பறந்து சென்றுவிடுகிறது. எனவே தொடக்கத்தில் திடலின் நடுவே நாலைந்து இடங்களில் கிளையோடு கூடிய மூங்கில்களை நட்டுவைத்தால் பறவைகளுக்கு இருக்கை கிடைக்கும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் பறக்கும்போதே விதைகளை உதிர்த்துச் செல்லும். நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆலமரமும் அரசமரமும் இவ்வகையில் சுற்றுவட்டாரத்துக்கே விதைக்களஞ்சியமாக விளங்குகின்றன.

பறவை கொண்டுவர இயலாத மரங்களும் உண்டு. நம் காடுகளின் தலைமக்களாகிய மெராந்தி, கபூர் முதலியன இறகுடைய காய்களை உடையவை. இறகு இருப்பினும் அவை வெகுதூரம் பறப்பதில்லை. சுழன்று சுழன்று பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே விழும். ஆண்டுதோறும் காய்ப்பதும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, காடு முழுவதும் ஒருசேரப் பூத்துக் காய்க்கும். விழுந்த விதை சில வாரங்களுக்குள் முளைக்காவிடில் மடிந்துபோகும்; நெல்லைப்போலக் குதிரில் சேமிக்க முடியாது. ஆகவே, பெருங்காட்டிலிருந்து தொலைவிலுள்ள தோட்டத் திடலுக்கு இம்மரங்கள் தாமாக வந்துசேரும் என்று நூறாண்டு காத்திருந்தாலும் வாரா. மனிதன் கொண்டுவந்தே தீரவேண்டும்.

அப்படிக் கொண்டுவந்த இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கோலாலம்பூருக்கு அண்மையிலுள்ள கெப்போங்கில், 1920களில், ஈயச் சுரங்கம் தோண்டிச் சீரழிந்தும் காய்கறி பயிரிட்டுக் களைத்தும் லாலான் மண்டியும் கிடந்த நிலத்தை, காட்டு ஆய்வுக்கென எஃப். டபிள்யூ. ஃபாக்ஸ்வொர்தி என்னும் தாவரவியலார் 1926ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்தார். செழித்த காடு எத்தனையோ இருக்க, கெட்ட நிலத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்? காட்டை உண்டாக்க முடியுமா என்று அறிவதற்குக் காடில்லாத இடம்தானே வேண்டும்! 1929ஆம் ஆண்டில் ஆய்வுக்கழகக் கட்டடம் எழுந்தது. கபூரும் மெராந்தியும் பிறவும் நடப்பட்டன. இன்று அங்குச் செல்வோர், மனிதன் நட்ட காடு என்று சொன்னாலன்றி நம்ப மாட்டார்கள். மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் அக்காட்டுப் பூங்கா, 2025ஆம் ஆண்டு சூலை மாதத்தில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

கெப்போங்கின் கபூர் மரங்களடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். மரமுடிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இலைத்தொகுதிகளுக்கிடையே வானம் மெல்லிய ஓடைகளாக ஓடுகிறது. இதனை 1977ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதிய ஃபிரான்சிஸ் இங் என்னும் மலேசிய அறிஞர், வளரும் நுனிகள் ஒளியின் குறைவை உணர்ந்து பக்கத்து மரத்தை நெருங்கும்போது வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதே காரணமாகலாம் எனக் கருதினார். தமிழ்நாட்டின் ஓரத்தில் புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லும் இவ்வாறு செம்மண் வெட்டவெளியில் 1968ஆம் ஆண்டிற்குப் பின் எழுந்த காடே. அங்கு மழை குறைவு. வேலை இன்னும் கடினம். மழைநீர் ஓடிவிடாமல் வரப்புக் கட்டி நிறுத்திய பின்னரே கன்றுகள் பிழைத்தன.

பெருமர இனங்களை நம் திடலில் எப்போது நடுவது? முதலாண்டில் நடுவது வீண். இவற்றின் இளங்கன்றுகளில் பல கடும் வெயிலைத் தாங்கா. முன்னோடி மரங்களின் நிழல் கூடிய ஐந்தாம் அல்லது ஆறாம் ஆண்டில், இடையிடையே வரிசை வகுத்து நடுதல் பொருந்தும். நடும் குழியில், அதே இன மரத்தடியிலிருந்து எடுத்த மண்ணில் ஒரு கைப்பிடி சேர்க்க வேண்டும். இது மூடநம்பிக்கை அன்று. இம்மரங்களின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் மண்ணிலிருந்து நீரையும் மணிச்சத்தையும் உறிஞ்சி மரத்துக்குக் கொடுக்கின்றன; மரம் அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. நெடுங்காலம் மரமின்றிக் கிடந்த மண்ணில் அப்பூஞ்சைகள் இரா. பின்னர், கன்றுகள் ஆளுயரம் வளர்ந்ததும், மேலேயுள்ள மகாங்கின் கிளைகளைச் சிறிது சிறிதாகக் கழித்து வெளிச்சம் விட வேண்டும், ஒரேயடியாகத் திறந்துவிடலாகாது.

காட்டிலிருந்து கன்றுகளைப் பிடுங்கி வரலாமே என்று சிலர் எண்ணக்கூடும். ஒதுக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி அவ்வாறு செய்வது 1984ஆம் ஆண்டின் தேசியக் காட்டுச் சட்டப்படி குற்றம். வனத்துறையை அணுகிக் கேட்பதே முறை. 2021ஆம் ஆண்டு தொடங்கிய பத்துக் கோடி மரங்கள் நடும் இயக்கத்தின்போது இந்நாட்டு மர இனங்களைப் பற்றிய பொதுமக்களின் அறிவு ஓரளவு வளர்ந்துள்ளது என்று நாம் கருதுகிறோம். எனினும் நட்டவை எத்தனை என்று கேட்கும் அளவுக்கு, நின்றவை எத்தனை என்று நாம் கேட்பதில்லை.

இனி, தோட்டத்தில் உண்மையாக எழும் தடைகளுக்கு வருவோம். நிலம் தொழிலாளருடையது அன்று, நிர்வாகத்தினுடையது. மானேஜர் ஒப்பாமல் ஒரு குழிகூடத் தோண்ட முடியாது. ஆனால் ஓடைக்கரை விஷயத்தில் பேச இடமுண்டு. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியின்படி, ஐந்து மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இருகரையிலும் ஐந்து மீட்டரும், நாற்பது மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு ஐம்பது மீட்டரும் ஒதுக்கிவைத்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்ட மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழும் இத்தகைய ஒதுக்கங்களைக் கவனிக்கிறது. ஆகவே, "ஓடைக்கரையில் உரமும் களைக்கொல்லியும் இடாமல் விட்டுவிடுங்கள்; மரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சங்கத்தின் வழியாகவோ பள்ளியின் வழியாகவோ எழுத்து மூலம் கேட்டால், மறுப்பதற்கு நிர்வாகத்துக்குக் காரணம் குறைவு.

மற்றொரு தடை நம்மவரிடையே எழுவது. "காடு வளர்த்தால் பாம்பு வரும், பிள்ளைகள் விளையாடும் இடம் அது" என்று தாய்மார்கள் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை எள்ளி நகையாடுவோர், லயத்தில் ஓர் இரவுகூடத் தங்கியறியாதவர்கள். எலி மிகுந்த செம்பனைத் திடலிலும் லாலான் புதரிலும் பாம்பு ஏற்கெனவே இருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும், வீடுகளுக்கும் இளங்காட்டுக்கும் இடையே நன்கு செதுக்கிய அகன்ற வெற்றிடம் ஒன்றை விட்டுவைத்தால், தீக்கும் தடை, பாம்புக்கும் தடை, தாய்மாருக்கும் மனநிம்மதி. நடுவதற்கு முன்னரே அவர்களை அழைத்து இந்த எல்லையை அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்வது சாலச் சிறந்தது.

மூன்றாவது தடை யாதெனில், தோட்டம் விற்கப்பட்டால் என்ன செய்வது என்பதாகும். இக்கேள்வியை நம்மிடம் கேட்டவர் முன்பு குறிப்பிட்ட அதே தண்டல். அவர் பிறந்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அதற்கு நம்மிடம் முழுமையான மறுமொழி இல்லை. ஓடைக்கரை ஒதுக்க நிலம் மற்ற நிலத்தைவிடச் சற்றுப் பாதுகாப்பானது. ஆகவே முதலில் அங்கே நடுங்கள் என்று மட்டுமே கூறினோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, விழாவில் பட்டுப்போன கன்றுகளுக்கு அடுத்த செப்டம்பரில் ஈடு நடலாம் என்றார். அவ்வாறே ஓடையின் இருமருங்கிலும் ஓர் ஏக்கருக்குக் குறைவான இடத்தில் நடப்பட்டது. இம்முறை பதாகை இல்லை.

அங்கே இப்போது மகாங்கின் கிளைகள் ஓடைக்குமேல் கூடிவிட்டன. லாலான் வெயில்படும் ஓரத்தில் மட்டும் நிற்கிறது. தண்டல் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில், நட்ட நாள், மரத்தின் பெயர், பட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை என்று மாதந்தோறும் எழுதிவைத்திருக்கிறார். அதன் கடைசிப் பக்கத்தில், தாம் நடாத மூன்று வகைக் கன்றுகள் தாமாக முளைத்திருப்பதாகவும், பெயர் தெரியவில்லை என்றும் குறித்துள்ளார். அவற்றின் இலைகளைச் செய்தித்தாளில் பதப்படுத்தி நம்மிடம் கொடுத்திருக்கிறார். நிழல் கூடிவிட்டதால் வரும் செப்டம்பர் மழையில் மெராந்தி நடுவதென முடிவாகியுள்ளது. கன்றுகளுக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தைச் சூன் மாதத்திற்குள் அனுப்பிவிட வேண்டும்.